எகிறு நோய்க்கு மெட்ஃபார்மின் ஜெல் வெச்சுப் பாக்குற ஆய்வுக்குக் கூப்பிடுறாங்க, சேரலாமா?

நீடாமங்கலத்தான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் நெல் கொள்முதல் நிலையத்துல பருவகாலப் பட்டியல் எழுத்தர். வயசு 46. நெல்லு வர்ற காலத்துல ஈரப்பதம் 17ஐத் தாண்டுச்சுன்னா திருப்பி அனுப்பணும், அனுப்புனா களத்துல சண்டை, அனுப்பலேன்னா மேல இருந்து மெமோ. இப்ப ஆடி மாசம், குறுவை பயிரா நிக்குது, எங்களுக்கு வேலை இல்ல. அதான் பல்லைக் காட்டிட்டு வரலாம்னு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன்.

பிரச்சினை இதுதான். பல் தேய்ச்சா துப்புறது சிவப்பா வரும். வலி கிலி ஒண்ணும் கிடையாது. வலது கீழ்க் கடவாய்ப்பல்லு மட்டும் இப்பல்லாம் முறுக்கு கடிச்சா லேசா அசையுது. ஓபியில ஒரு பொண்ணு, பி.ஜி. படிக்கிற டாக்டர், கோடு போட்ட மெல்லிசுக் கம்பி ஒண்ணை எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு "மூணு, அஞ்சு, ஆறு, நாலு"ன்னு சொல்லிக்கிட்டே போச்சு, இன்னொரு பையன் எழுதிக்கிட்டே வந்தான். நாங்க தராசுல எடை சொல்றப்ப பையன் எழுதுவானே, அதே ராகம். ரெண்டு பக்கமும் சில இடத்துல 6 மில்லிமீட்டர் இருக்காம். எக்ஸ்ரே எடுத்து எலும்பு அரிச்சிருக்குன்னு காட்டுச்சு.

அப்புறம்தான் விஷயம். "சார், இங்க ஒரு ஆய்வு நடக்குது. ரெண்டு பக்கமும் வேர் வரைக்கும் சுத்தம் பண்ணிடுவோம். அதுக்கு மேல ஒரு பக்கம் மருந்து ஜெல், இன்னொரு பக்கம் மருந்தில்லாத ஜெல் வைப்போம். எந்தப் பக்கம் எதுன்னு உங்களுக்கும் தெரியாது, அளக்கிற டாக்டருக்கும் தெரியாது. மூணாம் மாசமும் ஆறாம் மாசமும் வந்து காட்டணும். காசு கிடையாது"ன்னு சொல்லி தமிழ்ல அச்சடிச்ச காகிதம் குடுத்துச்சு. என்ன மருந்துன்னு பார்த்தா மெட்ஃபார்மின், 1 சதவீதம்!

எங்கம்மா காலையும் ராத்திரியும் போடுற சர்க்கரை மாத்திரை அது. எனக்குச் சர்க்கரையே கிடையாது. எகிறுக்குள்ள சர்க்கரை மாத்திரையை வெச்சு என்ன பண்ணப் போறாங்க? மயக்கம் போட்டு விழுந்துட மாட்டேனா? அதுவும் இல்லாம, பாதி வாய்க்கு மருந்து, பாதி வாய்க்கு வெறும் பசைன்னா வெறும் பசை வெச்ச பக்கம் பல்லு போயிடாதா? எங்க வீட்ல "உங்கள வெச்சு படிச்சிக்கிறாங்க, போகாதீங்க"ன்னு ஒரே பிடிவாதம். அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு, சந்தேகப்படவும் மனசு வரல.

இன்னொண்ணு. இப்ப ஆரம்பிச்சா மூணாம் மாசம் ஐப்பசி, குறுவை நெல் மூட்டை மூட்டையா மழையில நனையிற நேரம். ஆறாம் மாசம் தை, சம்பா அறுப்பு. ரெண்டுமே எனக்கு மூச்சு விட முடியாத காலம். ஒரு தடவை போகலேன்னா என்ன ஆகும்?

மன்னை_பெரியவர்

தம்பி, எங்க காலத்துல ஸ்கேலிங்கும் கிடையாது ஜெல்லும் கிடையாது. அடுப்புச் சாம்பல், செங்கல்பொடி, கல் உப்பு. எனக்கு 74 வயசு, இன்னும் கரும்பு கடிக்கிறேன். மெஷின் வெச்சு சுத்தம் பண்ணுனா இருக்கிற பல்லும் ஆட ஆரம்பிச்சிடும், எங்க மச்சினருக்கு அப்படித்தான் ஆச்சு. வீட்ல சொல்றதைக் கேளுங்க.

குடந்தை_ஈறு_மருத்துவர்

நீடாமங்கலம் சார், நான் ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்து கும்பகோணத்தில் கிளினிக் வைத்திருப்பவன். நீங்கள் போன கல்லூரிக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இன்றைக்கு ஓபி காலி.

முதலில் அந்த எண்கள். ஆரோக்கியமான ஈறில் கம்பி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் இறங்கும். 6 என்றால் பல்லைப் பிடித்திருந்த நாரும் எலும்பும் விலகி அங்கே ஒரு பை உண்டாகியிருக்கிறது. உங்கள் பிரஷ் எட்டாத ஆழம் அது. வேப்பங்குச்சியும் எட்டாது, உப்பும் எட்டாது. பையின் அடியில் வேரோடு ஒட்டி இறுகிய பற்காரையும் அதன் மேல் கிருமிப் படலமும் இருக்கும். வலி இல்லாததுதான் இந்த நோயின் கெட்ட குணம். பல் ஆடும்போதுதான் பாதிப்பேர் வருகிறார்கள்.

ஆகவே உண்மையான சிகிச்சை வேர் வரை சுத்தம் செய்வது. அதை நன்றாகச் செய்தாலே ஆறு முதல் எட்டு மாதத்தில் பையின் ஆழம் சராசரியாக 1.7 மி.மீ. குறைகிறது, கிட்டத்தட்ட நான்கில் மூன்று பைகள் மூடிக்கொள்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு பக்கமும் அது கிடைக்கப் போகிறது. "வெறும் பசை வைத்த பக்கம்" என்று நீங்கள் பயப்படும் பக்கத்துக்கு, நாளை என் கிளினிக்குக்கு நீங்கள் வந்தாலும் நான் செய்யக்கூடிய அதே சிகிச்சைதான் நடக்கிறது. சுத்தம் செய்யாமல் ஜெல் மட்டும் வைப்போம் என்று யாராவது சொன்னால்தான் எழுந்து வர வேண்டும். அது களை எடுக்காமல் யூரியா போடுகிற வேலை.

ஜெல் ஏன்? வாய் கொப்பளிக்கும் மருந்து பைக்குள் இறங்காது. மாத்திரை போட்டால் உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் ஈறுக்கு வரும். அதனால் மருந்தை நேராகப் பைக்குள்ளேயே வைப்போம் என்று 1970களின் கடைசியிலேயே டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு டாக்சிசைக்ளின் ஜெல், கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் சில்லு என்று வரிசையாக வந்தன. இதில் ஒரு சிக்கல், பைக்குள் ஈறிலிருந்து ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். 5 மி.மீ. பையில் அந்த நீர் மணிக்குச் சுமார் 40 தடவை மாறிவிடும் என்று கணக்கு. சும்மா தண்ணீராக மருந்தை விட்டால் வந்த வழியே வெளியே போய்விடும். பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய வேண்டும், அதற்குத்தான் ஜெல்.

இனி மெட்ஃபார்மின். இது சர்க்கரையைக் குறைக்க வைக்கப்படவில்லை. எலும்பு உண்டாக்கும் செல்களை இந்த மருந்து தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அப்படியானால் ஈறுநோய் தின்ற எலும்பு திரும்புமா என்ற கேள்வி வந்தது. அளவைப் பாருங்கள். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். ஒரு பைக்குள் கால் சொட்டு, அரைச் சொட்டு போகும். அம்மா போடும் மாத்திரை ஒன்றே 500 மில்லிகிராம். ஜெல் முழுவதையும் விழுங்கினாலும் மயக்கம் வராது.

பலன் உண்டா? இங்கேதான் நான் ஆய்வுப் பக்கம் சாய்கிறேன். மெட்ஃபார்மின் ஜெல் எலும்பை நன்றாக நிரப்புகிறது என்று வெளிவந்த ஆய்வுகள் அநேகமாக பெங்களூருவில் இருந்த ஒரே குழுவினுடையவை. 2020இல் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு வழிகாட்டி வெளியிட்டபோது, மெட்ஃபார்மின் ஜெல்லையும், ரத்தக் கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாடின் மருந்தின் ஜெல்லையும் வழக்கமான சிகிச்சையில் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. கெடுதல் என்று சொல்லவில்லை. ஒரே குழு சொன்னதை வேறு இடத்தில் வேறு ஆட்கள் செய்து பார்க்கட்டும் என்பது அதன் பொருள். அதே வழிகாட்டி, குளோர்ஹெக்சிடினையும் ஆன்டிபயாடிக்கையும் பைக்குள் வைப்பதை, வேண்டுமானால் யோசிக்கலாம் என்ற அளவில்தான் விட்டிருக்கிறது. அவை தரும் கூடுதல் பலன்கூட சராசரியில் அரை மில்லிமீட்டருக்குள்தான். ஆகவே இந்த ஜெல் அற்புதம் என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு வைத்தால் எனக்குக் கோபம் வரும். தெரியாது, வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி, காசு வாங்காமல், பாதி வாயை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றால் அது நேர்மையான வேலை.

பாதி வாய் ஏன் என்றால், ஒரே ஆளின் இரு பக்கத்தையும் ஒப்பிடும்போது வயது, சாப்பாடு, பல் தேய்க்கும் பழக்கம் எல்லாம் சமமாகிவிடுகிறது. குறைவான ஆட்களை வைத்தே முடிவு தெரியும். இந்த முறையில் ஓட்டையும் உண்டு. ஒரு பக்கத்து மருந்து எச்சிலில் கலந்து மறுபக்கம் போகலாம், அப்போது வித்தியாசம் சின்னதாகத் தெரியும். அது அவர்களுடைய கவலை, உங்களுடையது இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பது: நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, சிடிஆர்ஐ பதிவு எண் என்ன. சிடிஆர்ஐ என்பது இந்திய மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு, 2007இல் தொடங்கியது. எண்ணைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போட்ட காகிதத்தின் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது, அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒன்று. "எனக்குச் சர்க்கரையே கிடையாது" என்கிறீர்கள். பரிசோதித்துப் பார்த்துச் சொல்கிறீர்களா, இல்லை அப்படி நினைத்துக்கொள்கிறீர்களா? 46 வயது, அம்மாவுக்குச் சர்க்கரை, ஈறில் எலும்பு அரிப்பு. என் கிளினிக்காக இருந்தால் முதல் நாளே ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பேன். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்க்கவும் மாட்டார்கள்.

மன்னை ஐயாவுக்கு: கரும்பு கடிப்பது கேட்க சந்தோஷம். உங்கள் பல் உங்கள் அதிர்ஷ்டம், செங்கல்பொடியால் வந்ததில்லை. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பல்லின் கழுத்தில் பள்ளம் விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஸ்கேலிங்கால் பல் ஆடுவதில்லை. ஏற்கெனவே எலும்பு போன பல்லைக் காரைதான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. உங்கள் மச்சினர் ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் ஆடியிருக்காது.

ஐயாறு_டீச்சர்

டாக்டர் சார் நல்லா சொல்லிட்டாங்க. நான் இந்த மாதிரி ஒரு ஆய்வுல இருந்தவ. என்னுது ஜெல் இல்ல, குளோர்ஹெக்சிடின் சில்லு. விரல் நகத்தை விடச் சின்னது, பழுப்பு நிறம், இடுக்கியால பிடிச்சு எகிறுக்குள்ள சொருகுவாங்க. மீன்ல இருந்து எடுக்கிற கொலாஜன்ல பண்ணுனதாம். நான் சைவம், முன்னாடியே கேட்டேன், அதனாலதான் தெரிஞ்சுது. அந்தக் கல்லூரியில அவங்களா சொல்லல. அண்ணே, ஜெல் எதுல கலந்திருக்குன்னு நீங்களும் கேட்டுக்குங்க.

புத்தகத்துல இல்லாததைச் சொல்றேன். சுத்தம் பண்றப்ப மரத்துப்போற ஊசி போடுவாங்க, வலிக்காது, கரகரன்னு சத்தம்தான் மண்டைக்குள்ள கேக்கும். அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வாரம் பச்சைத் தண்ணி பட்டாலே பல்லு கூசுச்சு. மோர் கூட வெதுவெதுப்பாத்தான் குடிச்சேன். வீக்கம் வத்துனதும் கீழ்ப் பல்லுக்கு நடுவுல சந்து சந்தா தெரிஞ்சுது, கண்ணாடியில பார்த்து அழுதுட்டேன். கீரை சாப்பிட்டா போய் அடைச்சுக்கும். அந்தச் சந்துக்குன்னே குட்டி பிரஷ் இருக்கு, மருந்துக் கடையில கிடைக்கும், அது பழகிட்டா ஒண்ணும் இல்ல. முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன், அதான் உங்களுக்குச் சொல்றேன்.

இன்னொரு குறை. என்னைப் பார்த்த பி.ஜி. பையன் பரிட்சை எழுதிட்டுப் போயிட்டான். கடைசி அளவுக்குப் போனா புது ஆள், என் ஃபைலைத் தேடவே மதியம் ஆயிடுச்சு. உங்க டாக்டரம்மா எந்த வருஷம் படிக்குதுன்னு கேளுங்க. இறுதி வருஷம்னா, அது போனப்புறம் யாரைப் பாக்கணும்னு பேரும் நம்பரும் காகிதத்துல எழுதி வாங்கிக்குங்க.

ஆனா எனக்கு ரத்தம் வர்றது நின்னுச்சு. சில்லு வெச்ச பக்கம், வெக்காத பக்கம் ரெண்டுலயும் நின்னுச்சு! எது எந்தப் பக்கம்னு கடைசியில சொன்னாங்க, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கம்பிக்குத் தெரிஞ்சிருக்கலாம்.

மூட்டை_தூக்கி

எழுத்தர் சார், நான் லோடுமேன், வலங்கைமான் பக்கம். எனக்கும் எகிறு வீங்கி நாத்தம் அடிக்குது. என்னையும் சேத்துப்பாங்களா? வெத்தல போடுவேன், கூட பொயல. அது இல்லாம மூட்டை தூக்க முடியாது, பொய் சொல்லல.

குடந்தை_ஈறு_மருத்துவர்

அநேகமாகச் சேர்க்க மாட்டார்கள் தம்பி. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தையும் ஆறும் திறனையும் கெடுக்கும், அப்புறம் ஜெல் வேலை செய்ததா இல்லையா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வில் இடம் இல்லை என்பதால் சிகிச்சை இல்லை என்று ஆகாது. அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போனால் சுத்தம் செய்துவிடுவார்கள். போகும்போது புகையிலை அடக்கி வைக்கும் இடத்தையும் காட்டுங்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு இருந்தாலோ, வாய் முன்போல முழுசாகத் திறக்கவில்லை என்றாலோ, ஈறை விட அது அவசரம். நாளைக்கே போங்கள், அடுத்த லோடு முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நீடாமங்கலத்தான்

எல்லாருக்கும் நன்றி. நேத்து திரும்பப் போயிட்டு வந்தேன். டீச்சரம்மா சொன்னதைக் கேட்டேன், அந்தப் பொண்ணு ரெண்டாம் வருஷம்தானாம், ஆறாம் மாசத்துக்கும் இருக்கும். ஜெல்லுல மீனு கீனு இல்லையாம். எனக்கு மீன் ஒண்ணும் பிரச்சினை இல்ல, கேட்டு வெச்சேன். சிடிஆர்ஐ நம்பரைக் காகிதத்தோட தலைப்புலயே போட்டிருந்துச்சு, நான்தான் பாக்கலேன்னு சிரிச்சுச்சு. எங்க பையனை விட்டு இணையத்துல தேடச் சொன்னேன், இருக்கு. கல்லூரி பேரு, அந்தப் பொண்ணு பேரு, கைடு பேரு எல்லாம் வருது. எங்க வீட்ல அதைப் பார்த்தப்புறம் கொஞ்சம் சமாதானம். ஆனா "ஊசி போட்டதும் போன் பண்ணுங்க"ன்னு உத்தரவு.

டாக்டர் சார், சர்க்கரை நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. அவங்களே ரத்தம் எடுத்தாங்க. மூணு மாசச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுமாமே, அந்த ஹெச்பிஏ1சி 6.1. இது சர்க்கரையா இல்லையா? அந்தப் பொண்ணு "6.5க்குக் கீழ இருக்கிறதால ஆய்வுல இருக்கலாம் சார், ஆனா பொது மருத்துவரைப் பாருங்க"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துச்சு.

தேதி விஷயத்துல ஒரு வாரம் முன்ன பின்ன வரலாமாம். வராமலே விட்டா என்னோட கணக்கு முடிவுல சேராதாம், அவ்வளவு பண்ணியும் வீண்னு சொல்லுச்சு. ஐப்பசிக்கு பக்கத்து நிலையத்து எழுத்தரை ஒரு நாள் பாத்துக்கச் சொல்லியிருக்கேன், அவர் பொண்ணு கல்யாணத்துக்கு நான் பாத்துக்கிட்ட கடன் இருக்கு. தை மாசம்தான் இன்னும் புரியல.

அப்புறம் மேல் பல்லுக்கு அச்சு எடுத்து, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி பண்ணி அதுல கோடு கீறி வெச்சிருக்காங்க. கேட்டா, ஒவ்வொரு தடவையும் கம்பி அதே கோட்டுல இறங்கணும், அப்பதான் அளவு சரியா வரும்ங்கிறாங்க. எங்க நிலையத்துத் தராசை இவ்வளவு ஒழுங்கா யாரும் பாத்ததில்ல!

குடந்தை_ஈறு_மருத்துவர்

6.1 என்றால் சர்க்கரை இல்லை, வாசலில் நிற்கிறது. 5.7 முதல் 6.4 வரை அந்த வாசல். பொது மருத்துவரைக் கண்டிப்பாகப் பாருங்கள், சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

அம்மாவையும் ஒரு நாள் பல்லுக்குக் கூட்டிப் போங்கள், ஆய்வுக்கு இல்லை, சும்மா சுத்தம் செய்ய. ஈறுநோய் இருக்கிற சர்க்கரைக்காரர்களுக்கு ஈறைச் சரிசெய்தால் மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைகிறது. சில மாத்திரைகள் செய்கிற வேலைக்குப் பக்கத்தில் வருகிற எண் அது.

ஜெல் வைத்த பிறகு அந்த இடத்தில் எத்தனை நாள் பிரஷ் போடக்கூடாது, என்ன சாப்பிடக்கூடாது என்று அவர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள், என் அறிவுரை, மன்னை ஐயா அறிவுரை எதையும் நடுவில் கலக்க வேண்டாம். வேறு காய்ச்சல் கீய்ச்சல் வந்து யாராவது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள். மறைத்தால் கணக்கு தப்பாகும்.

மன்னை_பெரியவர்

என் பேரை ஏன்ப்பா இழுக்கிற. சரி, அந்த ஓபி எந்தக் கிழமை? என் மச்சினருக்கு இன்னும் நாலு பல்லு மிச்சம் இருக்கு.

நீடாமங்கலத்தான்

ஞாயிறு தவிர எல்லா நாளும் பெரியவரே, காலையில எட்டரைக்குச் சீட்டு போட ஆரம்பிப்பாங்க. ஆதார் நகல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மதியத்துக்கு மேல போனா எக்ஸ்ரே எடுக்க மறுநாள் வரச் சொல்லிடுறாங்க.